முறை வைத்துத் தூங்கிய கட்டில்

எனக்குக் கற்பனை வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, ‘பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு’ என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் பசுவிடம் வேறு என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஆகவே கீழே இருப்பதில் எதையும் நான் ஜோடிக்கவில்லை. ஜோடிக்கத் தெரிந்திருந்தால் எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் ஜோடித்திருப்பேன்.

இன்னொன்று. பேய்க் கதை சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். புளியமரம், வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம்... கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. எனக்கு நடந்தது பட்டப்பகலில். நாலாவது மாடியில். லிஃப்ட் வைத்த கட்டடத்தில். நானே விலை பேசி, நானே தூக்கி வந்து, நானே திருகாணி முடுக்கிய ஒரு கட்டிலில்.

பிழைப்புக்காக நாடு விட்டு நாடு வந்து, முதல் எட்டு மாதம் நாலு பேர் தங்கிய அறையில் தரையில் படுத்தேன். பிறகு விசா கிடைத்து என் மனைவி வந்தாள். அவள் வருவதற்கு முந்தின வாரம் ஒரு சின்ன வீடு பிடித்தேன். படுக்கையறை ஒன்று, கூடம் ஒன்று, ஆள் திரும்பினால் அடுப்பில் இடித்துக்கொள்ளும் சமையலறை ஒன்று. உள்ளே ஒரு சாமான் கிடையாது. பேசினால் சுவர் திருப்பிப் பேசும். அவள் வந்த அன்று பெட்டியின் மேலேயே உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. உக்காரத்தான் ஒண்ணுமில்ல” என்றாள்.

இங்கே மாசக் கடைசியில் வீடு மாற்றுகிறவர்கள் வேண்டாத சாமான்களைத் தெருவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் எங்கள் வீடு நிறைந்தது. நாலு நாற்காலி வந்தது, நாலும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். ஆடுகிற மேஜை ஒன்று. மூலையில் கொஞ்சம் ரசம் போன நிலைக்கண்ணாடி ஒன்று. ஒவ்வொன்றையும் என் மனைவி குளியலறைக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள்.

“யார் யாரு உக்காந்ததோ” என்பாள்.

“உக்காந்தவன் எழுந்து போயிட்டான். நீ உக்காரு” என்பேன்.

கட்டில் மட்டும் தெருவில் கிடைக்கவில்லை. அதை போனில் விளம்பரம் பார்த்துத்தான் பிடித்தோம். கெட்டி மரம், இரட்டைக் கட்டில், சொன்ன விலையைக் கேட்டு எனக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு மலிவு. கீழ் வீட்டில் நம் ஆள் ஒருவர் வேன் ஓட்டுகிறார். கட்டடத்தில் இருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் அவர் வேன் அண்ணன். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

விற்றவள் ஐம்பது வயதுப் பெண். இந்த ஊர்க்காரி. கட்டிலை ஏற்கெனவே கழற்றி, வாசலுக்கு வெளியே நடைபாதையில் சாய்த்து வைத்திருந்தாள். எங்களை உள்ளே விடவில்லை. திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். பெரிய வீடு. கூடத்தில் ஒரே ஒரு குறுகிய மடக்குக் கட்டில். வேறு ஆள் இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில், “ஏன் விற்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“இடம் போதவில்லை” என்றாள்.

அத்தனை பெரிய வீட்டை வைத்துக்கொண்டு! நான் வேன் அண்ணனைப் பார்த்தேன். அவர் கட்டிலைப் பார்த்தார். “தம்பி, மலிவா வர்றப்ப கேள்வி கேக்காதீங்க. தூக்குங்க” என்றார்.

நாங்கள் தூக்குவதற்கு முன்பே அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள்.

அடுத்தவர் படுத்த மெத்தை வேண்டவே வேண்டாம் என்று என் மனைவி ஒற்றைக் காலில் நின்றதால், மெத்தை மட்டும் புதிதாக வாங்கினோம். லிஃப்டில் நுழையவில்லை. நான் ஒருவனே தலையில் வைத்து நாலு மாடியும் ஏற்றினேன். கட்டிலைப் படுக்கையறையில் போட்டோம். கதவுப் பக்கம் நான், ஜன்னல் பக்கம் அவள். இரண்டு தலையணை.

இப்போது எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

எனக்குக் குளிர்கிடங்கில் இரவு வேலை. லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி அடுக்க வேண்டும். அவளுக்குப் பகலில் ஹோட்டல் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய லாண்டரியில் வேலை. அது முடிந்ததும் மாலையில் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை. நான் காலையில் வீடு திரும்பும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். அவள் இரவு திரும்பும்போது நான் கிளம்பிப் போயிருப்பேன். ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கினோம். ஞாயிறு ஒரு நாள்தான் இருவரும் ஒன்றாக வீட்டில் இருப்போம்.

ஆரம்பத்தில் அவள் மிகவும் வாடிப்போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள், “ராத்திரி தனியாப் படுத்தா தூக்கமே வரலைங்க.”

எனக்குப் பாவமாக இருந்தது. கிடங்கு வீட்டுக்குப் பக்கம்தான். “லாரி வராத நேரமா பாத்து வந்து கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போறேன்” என்றேன்.

உடனே அவளும், “நானும் மத்தியானம் லாண்டரி முடிஞ்சு அடுத்த வேலைக்குப் போறதுக்குள்ள வந்து ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போறேன்” என்றாள்.

என்னால் ஒரு நாள்கூட அப்படி வர முடியவில்லை. இரவில் சூப்பர்வைசர் அடிக்கடி தலையெண்ணுவான். வர முடியவில்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் மட்டும் சொன்னபடி வந்தாள்.

அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானம், நல்ல தூக்கத்தில் இருப்பேன். வெளிச்சம் வராமல் ஜன்னலில் கம்பளியை மாட்டியிருப்பேன். அறை கும்மிருட்டாக இருக்கும். என் முதுகுக்குப் பின்னால் மெத்தை மெதுவாக அமுங்கும். ஒரு மூச்சுவிடும் சத்தம்... பிறகு முதுகில் லேசாக ஒரு கதகதப்பு. வந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருக்கும். திரும்பிக்கூடப் பார்க்காமல் தூங்கிவிடுவேன். அலாரம் அடித்து எழும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அடுத்த வேலைக்குப் போய்விட்டாள், பாவம், என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வாசல் பூட்டு சனியன் பிடித்த பூட்டு. இரண்டு தரம் இழுத்து இடித்தால்தான் திறக்கும். செத்தவனும் எழுந்து உட்காரும் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை ஒரு மத்தியானம்கூட நான் கேட்டதில்லை. அது ஏன் அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஒரு மாதம் இப்படிப் போனது. பிறகு சின்னச் சின்னதாக ஆரம்பித்தது.

முதலில் மெத்தை. படுக்கை விரிப்பை மாற்றும்போது பார்த்தேன். நான் படுக்கும் பக்கம் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. அவள் பக்கமும் அப்படியே. ஆனால் நடுவில் ஒரு பள்ளம்... அதுதான் எல்லாவற்றிலும் ஆழம். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, நீளமாக. புது மெத்தை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனைத் திட்டிவிட்டு விரிப்பைப் போட்டு மூடினேன்.

அடுத்தது முழங்கை. தூக்கத்தில் முதுகில் குத்து விழும். நகர்ந்து படுத்தால் இன்னும் பலமாக விழும். போர்வையை உருவிக்கொள்வாள். முழங்காலை இடுப்பில் வைத்துத் தள்ளுவாள். கட்டிலின் ஓரத்துக்கே வந்துவிடுவேன். ஒரு நாள் கீழேயே விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து, “என்னடி உனக்கு? தூங்க விடமாட்டியா?” என்று கத்தினேன். பதில் இல்லை. கோபத்தில் போர்வையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்த் தரையில் படுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேன். “படுக்கையில என்ன அவ்வளவு ஆத்திரம் உனக்கு?”

அவள் என்னை முறைத்தாள். “எனக்கா? கேக்கறது யாரு பாரு!” என்று சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைக் காட்டினாள். கன்றிப்போய் நீலமாக இருந்தது. “இதுக்கு என்ன சொல்றீங்க?”

வேலையில் இடித்துக்கொண்டு வந்து என்மேல் பழி போடுகிறாள் என்று நினைத்தேன். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது. இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் நன்றாக வருகிற ஒரே வேலை அதுதான்.

அதற்கப்புறம் பேச்சு ஆரம்பித்தது.

முதல் நாள் ஒரே ஒரு வார்த்தைதான். காதுக்குப் பின்னால், அவள் குரலில், அரைத் தூக்கத்தில் பேசுவது போல.

“தள்ளு.”

தள்ளிப் படுத்தேன்.

மறுநாள், “இன்னும் தள்ளு.” அதற்கடுத்த நாள், “எழுந்து போ.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் மனைவி என்னை ‘வாங்க, போங்க’ என்பதைத் தவிர வேறு மாதிரி பேசியதே இல்லை. ஏழு வருஷத்தில் ஒரு தரம்கூட இல்லை. இங்கே வந்து நாலு காசு சம்பாதித்ததும் புருஷனையே ‘போ’ என்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. இதை அவளிடம் கேட்கவும் அவமானமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவள் அதைவிடக் குறைத்துக்கொண்டாள்.

அவள் இளைத்துக்கொண்டே போனாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் கிட்டே போனால் விலகி நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நின்று போனில் அவள் அக்காவிடம், “என்னால முடியலக்கா. அவர் அவரா இல்ல. நான் திரும்பி வந்துடறேன்” என்று சொல்வது காதில் விழுந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதம் தரையில் படுத்தது யாருக்காக? ஆடுகிற மேஜைக்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்தது யாருக்காக? அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது, வேறு வேறு வீட்டுப் பிள்ளைகளான நாலு நாற்காலியைத் தவிர? ஆனாலும் வாயைத் திறந்து, ‘போகாதே’ என்று சொல்லவில்லை. அவளே என்னை எழுந்து போகச் சொல்கிறாள், நான் எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று வீம்பு. நடுவில் ஒரு நாள் சமாதானம் ஆவது போல இருந்தது. மறுநாள் மத்தியானமே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

அது ஒரு புதன்கிழமை.

காலையில் வந்து படுத்தவன் அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டேன். எதனால் விழிப்பு வந்தது என்று தெரியவில்லை. கதவைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தேன். அறை இருட்டாக இருந்தது. பின்னால் மெத்தை அமுங்கியிருந்தது. வழக்கம்போல.

முழங்கால் இடுப்பில் அழுத்தியது.

“போ” என்றாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

“எழுந்து போ. இடம் இல்ல.”

இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று நினைத்தேன். திரும்பி, விளக்கைப் போட்டு, இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று. கையை ஊன்றினேன்.

அப்போது போன் அதிர்ந்தது.

தலைமாட்டு நாற்காலியில் வைத்திருந்தேன். எட்டி எடுத்தேன். மணி இரண்டு நாற்பது. திரையில் என் மனைவியின் படம்.

அவள் போன் பைக்குள் கிடந்து தானாக அழுத்திக்கொண்டிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. பை கூடத்தில் இருக்கும். ஆனால் கூடத்தில் எந்தச் சத்தமும் இல்லை.

காதில் வைத்தேன்.

“ஏங்க...” அழுகிற குரல். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். யாரோ என்னவோ கத்தினார்கள். “ஏங்க, கை மெஷின்ல மாட்டிக்கிச்சுங்க... இஸ்திரி உருளையில... ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க... நீங்க வாங்க...”

“எங்கேயிருந்து பேசறே?”

“வேலையிலேர்ந்துதாங்க... வேற எங்கேயிருந்து...”

என் இடுப்பில் இருந்த முழங்கால் மெல்ல விலகியது.

நான் அசையவில்லை.

“மத்தியானம்... வீட்டுக்கு வரலியா நீ?”

“என்னங்க கேக்கறீங்க? நான் என்னைக்கு வந்தேன்? பஸ்ஸே போய் வர ரெண்டு மணி நேரம் ஆகும்...”

பின்னால் மெத்தை லேசாக எழும்பியது. யாரோ முழங்கையை ஊன்றி நிமிர்ந்தால் எப்படி எழும்புமோ, அப்படி.

என் கழுத்தில் மூச்சுக்காற்று பட்டது.

“யாரு போன்ல?”

என் மனைவியின் குரல்.

அதே குரல்தான் போனிலும், “ஏங்க... ஏங்க... இருக்கீங்களா?” என்றது.

ஒரு காதில் அவள்.

இன்னொரு காதில்...

“யாரு?”

போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

“வெச்சிடு.”

போர்வை என் தோளிலிருந்து இறங்கியது. மெதுவாக. யாரோ நுனியைப் பிடித்து இழுப்பது போல.

“வெச்சிடு... திரும்பு.”

திரும்பவில்லை.

சத்தியமாகத் திரும்பவில்லை.

அங்கே என்ன இருந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. கட்டிலிலிருந்து கீழே உருண்டேன். கதவு வரை தவழ்ந்தேன். கதவுக்குப் பக்கத்தில் அந்த நிலைக்கண்ணாடி இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையால் சுவரைத் தடவி, அதைத் தாண்டினேன்.

எனக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ நன்றாகக் காலை நீட்டி, நடுவில், வசதியாகப் படுத்துக்கொள்வது போல.

செருப்பில்லாமல் நாலு மாடியும் இறங்கி ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வலது கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு விரல் நசுங்கியிருந்தது, நல்லவேளை எடுக்க வேண்டியதில்லை என்றார்கள். ராத்திரி தூக்கமில்லாமல் உருளைக்கு முன்னால் நின்று கண் செருகிவிட்டதாம். வெறுங்காலோடு, பனியனோடு போய் நின்ற என்னைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பல வாரத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசியது அங்கேதான்.

“நீ மத்தியானம் ஒரு நாளும் வந்ததில்லையா?”

“இல்லைங்க. வரேன்னு சொல்லிட்டு வர முடியல. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன். துணி மூட்டை மேலேயே சாஞ்சுக்குவேன்.” அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். “நீங்கதான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்க. தினம் ராத்திரி வந்தீங்க.”

நான் அவள் முகத்தையே பார்த்தேன். சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஏங்க... வரலியா?”

“ஒரு நாளும் வரல.”

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முதலில் பக்கத்தில் வந்து படுப்பது மட்டும்தான். பிறகு இடித்தது. பிறகு என் குரலில் பேசியது. ‘நீ எதுக்கு வந்தே’ என்றது. ‘ஜன்னல் பக்கம் தள்ளிப் படு’ என்றது. ‘இன்னும் தள்ளு’ என்றது. அவள் ஜன்னல் சுவரில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். நானே அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்து, சத்தம் போடாமல் அழுதிருக்கிறாள்.

“நேத்து ராத்திரி, ‘ஜன்னலைத் திற’ன்னீங்க... சொல்லுச்சு” என்றாள். “திறந்தேன்.”

“அப்புறம்?”

“‘இன்னும் தள்ளு’ன்னுச்சு.”

நாலாவது மாடி. அவள் ஜன்னல் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாளாம். கீழே வேன் அண்ணன் வண்டி ஹாரன் அடித்ததாம். அதில் திடுக்கிட்டுக் காலை இறக்கிவிட்டு, விடியும்வரை சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிரவு வேன் அண்ணன் வீட்டில் தங்கினோம். மறுநாள் கட்டிலை விற்றவளுக்கு போன் போட்டேன். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். என் குரலைக் கேட்டதும், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, “திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

கட்டிலை இறக்க வேன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். நல்ல வெயில். ஜன்னல் கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டேன். அவர் ஒரே சிரிப்பு. “புருஷன் பொண்டாட்டி சண்டைக்குக் கட்டில் என்ன தம்பி பண்ணும்?” என்றார். மெத்தையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். தூக்கினோம்.

தூக்க முடியவில்லை.

நான் ஒருவனே தலையில் ஏற்றிக்கொண்டு வந்த மெத்தை அது. இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. வேன் அண்ணனின் சிரிப்பு நின்றது. அவர் நடுப் பள்ளத்தைப் பார்த்தார். அது எங்கள் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பியது... படுத்திருந்தவர் எழுந்துகொண்டால் எப்படியோ, அப்படி. அதற்குப் பிறகு மெத்தை பஞ்சாக வந்துவிட்டது. படிக்கட்டில் இறங்கும்போது, வேன் அண்ணன் எனக்கு முன்னால் போகவும் மறுத்தார், பின்னால் வரவும் மறுத்தார். பக்கவாட்டில் இடித்துக்கொண்டே இருவரும் ஒன்றாக இறங்கினோம்.

தெருவோரம் வைக்கவில்லை. இன்னொரு குடும்பம் எடுத்துக்கொண்டு போகும். பழைய சாமான் நொறுக்கும் இடத்துக்கே கொண்டுபோனோம். கட்டில், மெத்தை, தலையணை எல்லாவற்றையும் இயந்திரம் மென்று தூளாக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வேறு வீடு மாறினோம். நான் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். தரையில் பாய் மாதிரி ஒன்றை விரித்து, இருவரும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்தோம். ஒரு வருஷம் ஆகிவிட்டது. எதுவும் இல்லை. தனியாக இருப்பவரிடம்தான் அது வரும், இருவரும் சேர்ந்து படுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அது எங்களை நெருங்கவில்லை என்று நான் தெளிவாக இருந்தேன். அந்த ஒரு நினைப்பில்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு. பழைய கதையைச் சிரித்துக்கொண்டே பேசும் அளவுக்கு அவளுக்கு மனசு ஆறியிருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொன்னதே இல்ல” என்றாள். “அப்ப நான் டிக்கெட்டே போட்டுட்டேன். திங்கக்கிழமை சாயங்காலம் கிளம்பறதா இருந்தேன். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ராத்திரி நீங்க மட்டும் என் கையைப் பிடிக்கலேன்னா, போயிருப்பேன்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“ரெண்டு பேரும் பேசாம முதுகைக் காட்டிட்டுப் படுத்திருந்தோமே, ஞாபகம் இல்ல? நான் ஜன்னலைப் பாத்துட்டுப் படுத்திருந்தேன். பின்னாலேர்ந்து கையை நீட்டி என் கையைப் பிடிச்சீங்க. ஒரு வார்த்தை பேசல. விடியற வரைக்கும் விடல. இந்த மனுஷன் மனசுல நான் இருக்கேன், அது போதும்னு டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன்.”

ஞாபகம் இருக்கிறது. எப்படி மறக்கும்? நடுவில் ஒரு நாள் சமாதானம் ஆவது போல இருந்தது என்று மேலே சொன்னேனே, அந்த நாள்தான்.

நான் கதவைப் பார்த்துப் படுத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. அவள்தான் இறங்கி வருகிறாள் என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். விடியும் வரை விடவில்லை.

என் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

இரண்டு கையாலும்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்ன, பேச்சையே காணோம்? நீங்கதானே?”

அவள் பேய்க் கதை படிக்க மாட்டாள். தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தைத் திருப்பிவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

“பின்ன, வேற யாரு?” என்றேன்.